கூற்றுவினைத் தொடர்களில் வினையடையின் ஆட்சி எல்லை: ஆங்கிலத் ‘தட்’ தொடரும் தமிழ் ‘என்று’ தொடரும் – காவிரிப் படுகைச் சான்றுகளின் வழி ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் கூறியதை மற்றொருவர் எடுத்துரைக்கும்போது ஆங்கிலம் ‘தட்’ என்னும் இணைப்புச்சொல்லையும் தமிழ் ‘என்று’ என்னும் இடைச்சொல்லையும் பயன்படுத்துகின்றன. இத்தொடர்களில் இடம்பெறும் வினையடை, கூறிய செயலைத் தழுவுகிறதா, கூறப்பட்ட செய்தியைத் தழுவுகிறதா என்பது பொருளை நிருணயிக்கும் வினாவாகும். ஆங்கிலத்தில் இணைப்புச்சொல் சார்புத் தொடரின் முன்னெல்லையில் நிற்கிறது. தமிழில் அது பின்னெல்லையில் நிற்கிறது. இதனால் இரு மொழிகளிலும் பொருள் மயக்கம் தோன்றும் இடங்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறாக அமைகின்றன. தமிழில் முன்னெல்லையில் தோன்றும் இம்மயக்கத்தைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின் ஆணைத் தொடர் எவ்வாறு தவிர்த்துள்ளது என்பதையும், அவ்வமைப்பு இன்றைய உரைநடைக்கும் மொழிபெயர்ப்புக்கும் எவ்வாறு துணைபுரியும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கூற்றுவினை, வினையடை, ஆட்சி எல்லை, ‘என்று’, சார்புத் தொடர், வினையெச்ச முடிபு, மெய்ம்மை முற்கோள்.

1. முன்னுரை

திருவாரூர் மாவட்டத்து நன்னிலம் வட்டத்தில் சம்பாப் பருவத்து மழையில் வயல் ஒன்று நீரில் மூழ்கியதாகக் கொள்வோம். அதுபற்றி ஓர் ஆவணத்தில் பின்வரும் தொடர் எழுதப்படுகிறது.

(1) விவசாயி நேற்று வயல் மூழ்கியது என்று கூறினார்.

இத்தொடருக்கு இரு பொருள் உண்டு. வயல் மூழ்கிய நாள் நேற்று என்பது ஒன்று. வயல் மூழ்கிய நாள் எதுவாயினும் விவசாயி அதைக் கூறிய நாள் நேற்று என்பது மற்றொன்று. சேதம் நேர்ந்த நாளும் சேதத்தை அறிவித்த நாளும் நிவாரணம் கோரும் மனுவில் வெவ்வேறு செய்திகள். இவ்விரண்டில் எது எழுதப்பட்டுள்ளது என்பது தெளிவாகாவிடில், மனுதாரரின் கோரிக்கையே ஐயத்துக்கு உள்ளாகக்கூடும். எனவே ‘நேற்று’ என்னும் ஒரு சொல் எவ்வினையைத் தழுவுகிறது என்பது இலக்கண நுட்பம் மட்டுமன்று; நடைமுறை வாழ்வோடு தொடர்புடைய சிக்கலும் ஆகும்.

இதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதும்போது இம்மயக்கம் இவ்விடத்தில் தோன்றுவதில்லை, வேறிடத்தில் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டை உணராமல் சொல்வரிசையை அவ்வாறே பின்பற்றி மொழிபெயர்க்கும்போது பொருள் மாறுபடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும் அதனைக் களையும் வழியையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்வெட்டுச் சான்று நீங்கலாகக் கட்டுரையில் எண்ணிட்டுத் தரப்படும் தொடர்கள் அனைத்தும் விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொள்ளப்பட்டவை.

2. ஆங்கிலத்தில் கூற்றுவினையும் ‘தட்’ தொடரும்

ஆங்கிலத்தில் ‘தட்’ என்பது தோற்றத்தில் சுட்டுச்சொல் ஆகும். ‘அவர் அதைக் கூறினார், வயல் மூழ்கியது’ என இரு தனித்தொடர்களாக நின்றவை இணைந்து ஒன்றானபோது, ‘அது’ எனச் சுட்டிய சொல் பின்வரும் தொடரை இணைக்கும் சொல்லாக மாறிற்று என்பது மொழி வரலாற்றறிஞர்கள் தரும் விளக்கம். சுட்டுச்சொல் தான் சுட்டும் தொடருக்கு முன் நின்றமையால், இணைப்புச்சொல்லான பின்பும் அது சார்புத் தொடரின் தொடக்கத்திலேயே நிலைபெற்றது.

ஆங்கிலத் தொடரின் சொல்வரிசையைத் தமிழ்ச் சொற்களால் பின்வருமாறு காட்டலாம்.

(2) விவசாயி – கூறினார் – நேற்று – [தட்] – வயல் – மூழ்கியது.
(3) விவசாயி – கூறினார் – [தட்] – நேற்று – வயல் – மூழ்கியது.
(4) விவசாயி – கூறினார் – [தட்] – வயல் – மூழ்கியது – நேற்று.

(2)இல் ‘நேற்று’ என்பது ‘தட்’ என்னும் எல்லைக்கு வெளியே நிற்கிறது. எனவே அது கூறிய நாளையே குறிக்கும். (3)இல் அது எல்லைக்குள் நிற்கிறது. எனவே மூழ்கிய நாளைக் குறிக்கும். (4)இல் மட்டும் மயக்கம் உண்டு. சார்புத் தொடர் எங்கு முடிகிறது என்பதைக் காட்டும் சொல் எதுவும் ஆங்கிலத்தில் இல்லாமையால், இறுதியில் நிற்கும் வினையடை உள்ளே உள்ளதா வெளியே உள்ளதா என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. பெரும்பாலும் படிப்போர் அதனை அருகிலுள்ள வினையோடு இயைத்துப் பொருள் கொள்வர்.

ஆங்கிலத்தில் ‘தட்’ தொக்கு வருதலும் உண்டு. அவ்வாறு தொகும்போது (2), (3) ஆகிய இரண்டும் எழுத்தில் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. கூற்றுவினைக்கும் சார்புத் தொடருக்கும் இடையில் காலச்சொல் வருமாயின் ‘தட்’ தொகாமல் எழுதவேண்டும் என ஆங்கில இதழியல் நடைக் கையேடுகள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். இணைப்புச்சொல்லின் முதன்மைப் பணி எல்லை காட்டுதலே என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

கூற்றுவினையோடு வரும் ஆங்கில வினையடைகளை அவற்றின் பணி நோக்கி நான்காகப் பகுக்கலாம்.

அ. கூறிய முறையை உணர்த்துவன: தெளிவாக, சுருக்கமாக, வெளிப்படையாக.
ஆ. கூறிய காலத்தையும் அடுக்கையும் உணர்த்துவன: அண்மையில், மீண்டும் மீண்டும், அடிக்கடி.
இ. கூற்றைப் பற்றி எடுத்துரைப்பவரின் மதிப்பீட்டை உணர்த்துவன: சரியாகவே, தவறாக, ஏற்கத்தக்க வகையில்.
ஈ. கூற்றுவினைக்கு மாற்றாக நின்று கேள்வியறிவை உணர்த்துவன: ‘ரிப்போர்ட்டட்லி’, ‘அலெஜட்லி’ போல்வன.

முதலிரண்டும் கூறியவரின் செயலைப் பற்றியவை. மூன்றாவது வகை எழுதுபவரின் நிலைப்பாட்டைப் பற்றியது. நான்காவது வகை வருமிடத்துக் கூற்றுவினையும் ‘தட்’ என்னும் சொல்லும் மறைந்து, தனித்தொடர் ஒன்றே எஞ்சுகிறது. இந்நான்கையும் தமிழ் ஒரே வாயிலால் உணர்த்துவதில்லை.

3. ‘என்று’: மரபிலக்கணப் பார்வை

தமிழில் ‘என்று’ என்பது ‘என்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இறந்தகால வினையெச்ச வடிவம். எனினும் ‘என்று கூறினார்’ என்னுமிடத்து ‘சொல்லிக் கூறினார்’ என்னும் பொருள் தோன்றுவதில்லை. ‘என்று நினைத்தார்’ என்னுமிடத்தோ பேச்சே நிகழவில்லை. வினைப்பொருள் தேய்ந்து இணைக்கும் பணி மட்டும் எஞ்சிய நிலையை இவ்வழக்குகள் காட்டுகின்றன.

இந்நிலையைத் தொல்காப்பியர் முன்பே உணர்ந்திருந்தார். சொல்லதிகாரத்து இடையியலில் ‘என’ என்பதை இடைச்சொல்லாகக் கொண்டு, அது வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்னும் ஆறு நிலைகளில் வரும் என வகுத்து, ‘என்று’ என்பதும் அத்தன்மையதே என அடுத்த நூற்பாவில் இணைத்துரைக்கிறார். நன்னூலாரும் இவ்வாறு நிலைகளையே வழிமொழிகிறார். வடிவில் வினையெச்சமாகிய ஒரு சொல்லைப் பணி நோக்கி இடைச்சொல் எனக் கொண்டமை இங்குக் கருதத்தக்கது.

தொல்காப்பியத்தின் நடையும் ஒரு சான்றாகிறது. முன்னோர் கூற்றை எடுத்துரைக்கும்போது அந்நூல் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ ஆகிய கூற்றுவினைகளைப் பெரிதும் ஆள்கிறது. இவற்றுள் ‘என்ப’, ‘என்மனார்’ என்பன ‘என்’ என்னும் அடியிலிருந்தே பிறந்தவை. ‘என்’ என்னும் வினை, தான் எடுத்துரைக்கும் தொடரை வேறு இணைப்புச்சொல்லின் துணையின்றி நேரே ஏற்கும். ‘கூறு’, ‘சொல்’, ‘அறிவி’ முதலிய பிற வினைகள் முழுத்தொடரை ஏற்கும்போதே ‘என’ அல்லது ‘என்று’ வேண்டப்படுகிறது. ஆகவே ‘என்று’ என்பது, தொடரை ஏற்கும் ஆற்றலைப் பிற வினைகளுக்கு வழங்கும் பாலமாக அமைகிறது எனலாம்.

இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கின் ‘அனி’, கன்னடத்தின் ‘எந்து’, மலையாளத்தின் ‘என்னு’ ஆகியவையும் இவ்வாறே எடுத்துரைக்கப்படும் தொடரின் இறுதியில் நிற்பன. வடமொழியின் ‘இதி’ என்பதும் மேற்கோளின் பின்னெல்லையில் பெரிதும் வருகிறது. 1956இல் எமனோ இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாக முன்வைத்தார். அதனைத் தொடர்ந்து 1967இல் கைப்பர் அப்பரப்பின் தோற்றத்தை ஆராய்ந்தபோது ‘இதி’யின் ஆட்சியையும் ஒரு சான்றாகக் கொண்டார்.

4. எல்லை நிற்கும் பக்கம்

ஆங்கிலத்தின் ‘தட்’ சார்புத் தொடரின் முன்னும், தமிழின் ‘என்று’ அதன் பின்னும் நிற்றலால் நிகழும் விளைவை இனிக் காணலாம்.

(5) வயல் மூழ்கியது என்று விவசாயி நேற்றுக் கூறினார்.
(6) நேற்று வயல் மூழ்கியது என்று விவசாயி கூறினார்.
(1) விவசாயி நேற்று வயல் மூழ்கியது என்று கூறினார்.

(5)இல் ‘நேற்று’ என்பது ‘என்று’ என்னும் எல்லையைக் கடந்து நிற்கிறது. எனவே கூறிய நாளையன்றி வேறெதனையும் குறிக்காது. (6)இல் ‘நேற்று’, ‘வயல்’ ஆகிய இரண்டும் ‘என்று’ என்பதற்கு முன் தொடர்ந்து நிற்க, ‘விவசாயி’ என்னும் எழுவாய் பின்னரே வருகிறது. எனவே மூழ்கிய நாள் என்னும் பொருளே இயல்பாகத் தோன்றும். (1)இல் முதன்மைத் தொடரின் எழுவாய் முதலில் வந்துவிட்டது. சார்புத் தொடர் எங்குத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் சொல் தமிழில் இல்லை. ‘விவசாயி’ என்பதற்குப் பின் தொடங்குகிறதா, ‘நேற்று’ என்பதற்குப் பின் தொடங்குகிறதா என்பது எழுத்தில் தெரிவதில்லை. பேச்சில் ஒலி இடைவெளி இதனை உணர்த்தும். எழுத்தில் அத்துணை இல்லை.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது பின்வரும் முடிவு பெறப்படுகிறது. ஆங்கிலத்தில் சார்புத் தொடருக்கு முன்பக்கம் மட்டும் வரப்பு உண்டு. எனவே பின்பக்கத்தில் மயக்கம் தோன்றுகிறது. தமிழில் பின்பக்கம் மட்டும் வரப்பு உண்டு. எனவே முன்பக்கத்தில் மயக்கம் தோன்றுகிறது. இரு மொழிகளும் ஓரெல்லையையே குறிப்பன. ஆயின் குறிக்கப்பெறும் எல்லை வேறு.

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைக்கு இதுவே காரணமாகிறது. (2)இல் ஐயத்துக்கு இடமின்றிக் கூறிய நாளைக் குறித்த சொல், எழுவாயை அடுத்து அவ்வாறே வைக்கப்படும்போது (1) ஆகிவிடுகிறது. மூலத்தில் இல்லாத மயக்கம் பெயர்ப்பில் நுழைகிறது. படிப்போர் அருகிலுள்ள வினையோடு இயைத்துப் பொருள் கொள்வாராயின், மயக்கமும் நீங்கிப் பிழைப்பொருளே நிலைபெறுகிறது. (2)இன் நேரிய பெயர்ப்பு (5) ஆகும்.

முறை உணர்த்தும் வினையடைகளில் இம்மயக்கம் குறைவு. ‘விவசாயி தெளிவாக வயல் மூழ்கியது என்று கூறினார்’ என்னும் தொடரில் ‘தெளிவாக’ என்பது மூழ்குதலோடு இயையாது. பொருட்பொருத்தம் அதனைக் கூற்றுவினையோடு சேர்த்துவிடுகிறது. ஆயின் ‘விவசாயி வெளிப்படையாக அதிகாரி ஒப்புக்கொண்டார் என்று கூறினார்’ என்னும் தொடரில் கூறுதல், ஒப்புக்கொள்ளுதல் ஆகிய இரண்டும் வெளிப்படையாக நிகழத்தக்கவை. எனவே மயக்கம் மீண்டும் தோன்றுகிறது. இரு வினைகளும் ஒரே வகை அடையை ஏற்கும் இயல்புடையனவாயின் மயக்கம் உறுதி என்பது இதனால் விளங்கும். காலச்சொல்லை எவ்வினையும் ஏற்குமாதலின், மயக்கம் அங்கு மிகுதியாகத் தோன்றுகிறது.

5. கல்வெட்டுத் தொடர் காட்டும் தீர்வு

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டு, ஹூல்ஷ் அவர்களால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கப்பெற்ற முதற்கல்வெட்டு, முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளுக்குரியது. தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் அக்கோயிலுக்கு அளித்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு அரசன் இட்ட வாய்மொழி ஆணையை அது பதிவு செய்கிறது. அரசனின் சொல், அதனைக் கேட்டோர், கல்லில் வெட்டியோர் என மூன்று நிலைகள் ஒரே தொடரில் அமைந்துள்ளமையால், கூற்றுவினைத் தொடரின் ஆய்வுக்கு இது சிறந்த சான்றாகிறது.

இத்தொடரின் அமைப்பைப் பின்வருமாறு பகுக்கலாம்.

அ. அரசன் தஞ்சை அரண்மனையின் திருமஞ்சனசாலையில் இருந்தமையைக் கூறும் பகுதி. இது ‘இருந்து’ என்னும் வினையெச்சத்தால் முடிகிறது.
ஆ. அரசன் கூற்றாகிய பகுதி. இதில் ‘நாம்’ என்னும் தன்மை இடப்பெயர் வருகிறது. இது ‘வெட்டுக’ என்னும் வியங்கோளால் முடிகிறது.
இ. ‘என்று’ என்னும் எல்லைச்சொல்லும், அதனை அடுத்து அரசன் மொழிந்தருளியதைக் கூறும் வினையெச்சமும்.
ஈ. ‘வெட்டின’ என்னும் இறுதிச் சொல்.

இத்தொடரில் இடங்குறிக்கும் சொற்கள் மூன்று உள்ளன: திருமஞ்சனசாலை, கோயில் அமைந்த தஞ்சாவூர், ஆவணம் வெட்டப்பட வேண்டிய விமானம். இவற்றுள் முதலாவது கூறிய இடம். ஏனைய இரண்டும் கூற்றுக்குள் அமைந்தவை. மூன்றும் ‘என்று’ என்பதற்கு முன்னரே நிற்பினும் பொருள் மயக்கம் சிறிதும் இல்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, ‘இருந்து’ என்னும் வினையெச்சம். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் உள்ளிட்ட முதல் மூன்று வினையெச்சங்களும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியர் வகுத்த முடிபு. இருந்தவன் அரசன், எனவே ‘இருந்து’ என்பது அரசனின் வினையையே கொண்டு முடிய வேண்டும். ‘வெட்டுக’ என்பதன் வினைமுதல் அரசன் அல்லன், ஏவப்பட்டோரே. ஆகவே ‘இருந்து’ என்பது ‘வெட்டுக’ என்பதைக் கடந்து சென்று, மொழிந்தருளுதலாகிய அரசன் வினையோடு இயைகிறது. திருமஞ்சனசாலை என்னும் இடச்சொல் ‘இருந்து’ என்பதனுள் அடங்கிவிட்டமையால், அதுவும் உடன் வெளியே நின்றுவிடுகிறது. தமிழில் இல்லாத முன்வரப்பை வினையெச்சம் இங்கு அமைத்துத் தருகிறது.

இரண்டாவது, இடமாற்றம். வெளித்தொடரில் படர்க்கையில் நின்ற அரசன், கூற்றுக்குள் ‘நாம்’ எனத் தன்மையில் பேசுகிறான். எந்த இடத்தில் தன்மை தொடங்குகிறதோ அந்த இடத்தில் கூற்று தொடங்கிவிட்டது என்பதைப் படிப்போர் உணர்கின்றனர்.

மூன்றாவது, உயர்வு வழக்கு. அரசனைப் பற்றிக் கூறும் வெளிப்பகுதியில் ‘அருள்’ என்னும் துணைவினை வருகிறது. தன்னைப் பற்றித் தானே கூறும் உட்பகுதியில் அரசன் அதனை ஆளவில்லை. கூறுவோர் யார் என்பதைத் துணைவினையின் வருகையும் இன்மையும் உணர்த்துகின்றன.

‘வெட்டுக’ என்பதும் ‘வெட்டின’ என்பதும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. முன்னது அரசன் குரல். பின்னது அவ்வாணை நிறைவேறியதை உரைக்கும் ஆவணத்தின் குரல். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் ‘என்று’ ஒரு குரல் முடிந்து மற்றொரு குரல் தொடங்கும் இடத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தின் ‘தட்’ தொடர் ஏவல் வினையை ஏற்காது. அங்கு ஆணையை எடுத்துரைக்க வேறு வாய்பாடு தேவை. ‘என்று’ ஏவல், வியங்கோள், வினா, விளி ஆகிய அனைத்தையும் கூறியவாறே ஏற்கும். கூறியோரின் சொல்லைச் சிதையாமல் பேண வேண்டிய ஆவணத்துக்கு இவ்வியல்பு பெரிதும் பொருந்தியது.

வாய்மொழி ஆணையைக் கருவாகக் கொண்ட ஆவணத்துக்குக் காவிரிப் படுகையில் வேறு சான்றும் உண்டு. லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் அளிக்கப்பட்டமையைக் கூறுவன. இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் இட்ட ஆணை அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் செப்பேட்டில் பொறிக்கப்பெற்றது. ஆணையிட்ட காலமும் பொறிக்கப்பட்ட காலமும் வேறாகும் இத்தகைய ஆவணங்களில், எக்காலச்சொல் எவ்வினைக்கு உரியது என்பது நில உரிமையின் தொடக்கத்தையே நிருணயிப்பதாகும்.

6. இன்றைய உரைநடைக்கு இத்தீர்வின் பயன்

கல்வெட்டுத் தொடரின் வினையெச்ச அமைப்பை இன்றைய உரைநடையிலும் கையாளலாம்.

(7) விவசாயி நேற்று அலுவலகத்திற்கு வந்து வயல் மூழ்கியது என்று கூறினார்.

வந்தவர் விவசாயி, மூழ்கியது வயல். ‘வந்து’ என்பது ‘மூழ்கியது’ என்பதைக் கொண்டு முடிய இயலாமையால் ‘கூறினார்’ என்பதையே கொண்டு முடிகிறது. ‘நேற்று’ என்பது ‘வந்து’ என்பதனுள் அடங்கி, கூறிய நாளையே உணர்த்துகிறது. எழுவாய்க்குப் பின் காலச்சொல் வந்தும் (1)இல் தோன்றிய மயக்கம் இங்குத் தோன்றவில்லை.

எனினும் இத்தீர்வுக்கு ஓர் எல்லை உண்டு.

(8) விவசாயி நேற்று அலுவலகத்திற்கு வந்து மனு அளித்தேன் என்று கூறினார்.

இங்கு மனு அளித்தவரும் கூறியவரும் ஒருவரே. வினைமுதல் ஒன்றாதலின் ‘வந்து’ என்பது ‘அளித்தேன்’ என்பதையும் கொண்டு முடியும். ‘கூறினார்’ என்பதையும் கொண்டு முடியும். எனவே மயக்கம் மீள்கிறது. இரு தொடர்களின் வினைமுதலும் வேறாகும்போது மட்டுமே வினையெச்சம் வரப்பாக அமையும். ஒன்றாகும்போது வினையடையை ‘என்று’ என்பதற்குப் பின் வைத்தலே வழி. கல்வெட்டில் ஆணையிட்டவனும் வெட்டியோரும் வேறாதலின் அங்கு வினையெச்சமே போதியதாயிற்று.

7. ‘ஆக’, ‘ஐ’, ‘ஆம்’: தொடரிறுதியும் மெய்ம்மை முற்கோளும்

தமிழில் எடுத்துரைக்கப்படும் தொடர் ‘என்று’ என்பதால் மட்டுமன்றி வேறு வாயில்களாலும் இணைக்கப்படுகிறது.

(9) வயல் மூழ்கியது என்று அறிந்தார்.
(10) வயல் மூழ்கியதாக அறிந்தார்.
(11) வயல் மூழ்கியதை அறிந்தார்.

(11)இல் வயல் மூழ்கியமை நிகழ்ந்த உண்மை என எழுதுபவரும் ஏற்கிறார். (10)இல் அச்செய்தி பிறர்வழி அறியப்பட்டது. அதன் உண்மைக்கு எழுதுபவர் பொறுப்பேற்கவில்லை. (9) இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1970இல் கிப்பார்ஸ்கி இணையர் மெய்ம்மை முற்கோள் பற்றி எழுதிய கட்டுரை, சார்புத் தொடரின் உண்மையை முன்கூட்டியே கொள்ளும் வினைகளையும் அவ்வாறு கொள்ளாத வினைகளையும் ஆங்கிலத்தில் பிரித்துக் காட்டியது. அங்கு ‘தட்’ தொடரின் வடிவம் மாறாது; வினையே வேறுபாட்டைத் தாங்குகிறது. தமிழில் வினை ஒன்றாக இருப்பினும் தொடரிறுதி மாறும்போது பொறுப்பு மாறுகிறது. ஆங்கிலம் வினையிலும் வினையடையிலும் வைப்பதைத் தமிழ் தொடரின் ஈற்றில் வைக்கிறது எனலாம்.

‘ஆக’ என்பது வினையடை ஆக்கும் ஈறும் ஆகும். ‘தெளிவாக’ என்பதிலும் ‘மூழ்கியதாக’ என்பதிலும் வருவது ஒரே ஈறு. எனவே (10)இல் எடுத்துரைக்கப்படும் தொடர் முழுமையும் கூற்றுவினைக்கு ஓர் அடையாகவே மாறிவிடுகிறது. ‘வெட்டுக’ போன்ற வியங்கோளையோ வினாவையோ ‘ஆக’ ஏற்காமைக்கும் இதுவே காரணம். அடையாக மாறும் தொடர் தனக்குரிய குரலை இழந்துவிடுகிறது. ‘என்று’ குரலைப் பேணுகிறது. ‘ஆக’ செய்தியை மட்டும் பேணுகிறது.

ஆங்கில வினையடைகளின் நான்காம் வகை தமிழில் ‘ஆம்’ என்னும் ஈற்றால் உணர்த்தப்படுகிறது. ‘வயல் மூழ்கியதாம்’ என்பதில் கூறியவர் யார் என்பது மறைந்து, கேள்வியறிவு என்பது மட்டும் எஞ்சுகிறது. படுகை மக்களின் பேச்சில் ‘மூழ்கிடுச்சாம்’ என இது இயல்பாக வழங்குகிறது. எனினும் எழுத்து வழக்கில் ‘ஆம்’ கதைநடையின் சாயலையும் சிலவிடத்து எள்ளலின் சாயலையும் பெறுவதால், அலுவல் நடை அதனை விலக்கி ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்னும் வினைகளை ஆள்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டமும், அதற்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும் வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என விதிக்கின்றன. கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் விதியால் காக்க, தமிழ் ஈற்றெழுத்துகளால் காக்கிறது. வாக்குமூலத்தைப் பெயர்ப்போர் ‘மூழ்கியதாம்’ என்பதை ‘மூழ்கியது’ எனக் கொள்வாராயின், கேட்டவர் கண்டவராகிவிடுவார்.

8. மதிப்பீட்டு வினையடையும் ஆய்வுரைநடையும்

ஆய்வாளர்களின் எழுத்தில் முதன்மை பெறுவது மூன்றாம் வகை வினையடை. ஆங்கிலத்தில் ‘சரியாகவே’ என்னும் பொருளுடைய அடை கூற்றுவினைக்கு முன் வரும்போது, எடுத்துரைக்கப்படும் கருத்தை எழுதுபவரும் உடன்படுகிறார் என்பது பெறப்படும். அவ்வடை முறையை உணர்த்துவதன்று, தீர்ப்பை உணர்த்துவது.

தமிழில் இதனை அவ்வாறே வைக்கும்போது இடர் நேர்கிறது. ‘இவர் சரியாக இந்நூல் சங்க காலத்தது என்று கூறுகிறார்’ என்னும் தொடரில் ‘சரியாக’ என்பது முறைப்பொருளா, தீர்ப்பா என்பது விளங்கவில்லை. ‘இந்நூல் சங்க காலத்தது என்று இவர் கூறுவது சரியே’ எனத் தீர்ப்பைப் பயனிலையாக வைத்தலே தமிழ் மரபு. உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை எடுத்துரைத்துப் பின் ‘பொருந்தாது’ என்றோ ‘ஏற்புடைத்து’ என்றோ தனியே முடிக்கும் முறை இதனையே காட்டுகிறது. மேற்கோளுக்குள் தீர்ப்பு கலவாமை உரைமரபின் ஒழுங்கு.

‘என்று’ என்பதோடு சேரும் இடைச்சொற்களும் இங்குக் கருதத்தக்கவை. ‘என்றே கூறினார்’ என்பதில் தேற்றம். ‘என்றும் கூறினார்’ என்பதில் எச்சம். ‘என்று மட்டும் கூறினார்’ என்பதில் வரையறை. ஆங்கிலம் தனி வினையடைகளால் உணர்த்தும் இப்பொருள்களைத் தமிழ் எல்லைச்சொல்லின் மீதே ஏற்றுகிறது. எல்லைச்சொல்லில் நிற்பதால் இவற்றின் ஆட்சி எல்லையில் ஐயம் எழுவதில்லை.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு.

1. ஆங்கிலத்தின் ‘தட்’ சுட்டிலிருந்தும் தமிழின் ‘என்று’ கூற்றுவினையிலிருந்தும் தோன்றியவை. முன்னது சார்புத் தொடரின் முன்னெல்லையையும் பின்னது பின்னெல்லையையும் குறிக்கின்றன.

2. எனவே வினையடை பற்றிய பொருள் மயக்கம் ஆங்கிலத்தில் தொடரின் இறுதியிலும் தமிழில் முதன்மை எழுவாயை அடுத்தும் தோன்றுகிறது.

3. வினைமுதல் வேறாகுமிடத்து வினையெச்சம் தமிழில் முன்னெல்லையாகப் பயன்படும். தஞ்சைக் கல்வெட்டு இதனை இடமாற்றத்தோடும் உயர்வு வழக்கோடும் இணைத்து ஆண்டுள்ளது. வினைமுதல் ஒன்றாகுமிடத்து வினையடையை ‘என்று’ என்பதற்குப் பின் வைத்தல் வேண்டும்.

4. செய்தியின் மெய்ம்மைக்கு எழுதுபவர் ஏற்கும் பொறுப்பை ஆங்கிலம் வினையாலும் வினையடையாலும், தமிழ் தொடரிறுதியாலும் உணர்த்துகின்றன. மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் நேர்வைத்தல் இப்பொறுப்பை மாற்றிவிடும்.

5. மதிப்பீட்டு வினையடையைத் தமிழில் பயனிலையாக அமைத்தல் உரைமரபுக்கு இயைந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காவிரிப் படுகையில் ஓர் ஆணையைக் கல்லில் ஏற்றியோர், யார் சொல் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதைத் தம் மொழியின் இலக்கணத்தைக் கொண்டே வரையறுத்தனர். அதே படுகையில் இன்று ஒரு விவசாயியின் கூற்றை மனுவாக எழுதுவோருக்கும், அதனை ஆங்கிலத்தில் பெயர்ப்போருக்கும் அக்கடமை குறையவில்லை. நேற்று மூழ்கியதா, நேற்றுக் கூறினாரா என்னும் வினாவுக்குத் தொடரே விடை தருதல் வேண்டும். படிப்போரின் ஊகத்துக்கு அதனை விடுதல் தகாது.